படித்ததை வாழ்ந்தவர்

பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் பிள்ளைகள் தொடுவதில்லை என்று வருந்தாத பெற்றோர் குறைவு. வீட்டில் நல்ல நூல்கள் இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் ஆவல்தான் பிள்ளையிடம் இருக்காது. ‘இவன் என்ன ஆவானோ?’ என்ற கவலை பெற்றோரின் மனத்தை அரிக்கும். ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியில், திவான் ஒருவரின் வீட்டிலும் இப்படி ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். ஆசிரியர் கண்டிப்பாரே என்ற அச்சத்தால் அன்றன்றைய பாடத்தைப் படித்துவிடுவான். அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்ட அவனுக்கு விருப்பம் கிடையாது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பது அந்தச் சிறுவனின் பெயர். பிற்காலத்தில் உலகம் அவரை மகாத்மா என்று வணங்கியது. படிப்பில் நாட்டமில்லாத அந்தச் சிறுவன், ஒரே ஒரு நூலைப் படித்துவிட்டு மறுநாள் விடியலிலேயே தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் துணியும் மனிதராக எப்படி மலர்ந்தான்? சாதகர்களாகிய நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு அது.

கூச்சம் மிகுந்த மாணவன்

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தான். தந்தை கரம்சந்த் காந்தி நேர்மைக்குப் பெயர் பெற்ற திவான். தாய் புத்லிபாய் விரதங்களில் உறுதி தளராதவர். போர்பந்தரின் ஆரம்பப் பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. தன் அறிவு மந்தமாகவும் நினைவாற்றல் பக்குவமற்றும் இருந்திருக்க வேண்டும் என்று அவரே பின்னாளில் ‘சத்திய சோதனை’யில் எழுதினார்.

அவனுக்கு ஏழு வயது ஆனபோது குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் அவன் யாருடனும் பழகாமல் ஒதுங்கியே இருந்தான். பள்ளி மணி அடிக்கும் நேரத்திற்குச் சரியாகப் போவான். வகுப்பு முடிந்ததும் யாராவது பேச்சுக்கொடுத்துக் கேலி செய்வார்களோ என்ற அச்சத்தில் ஓட்டமாக வீடு திரும்பிவிடுவான். இவ்வளவு தனிமையில் இருக்கும் பிள்ளை புத்தகங்களில் மூழ்கியிருப்பான் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் அவனுக்குத் துணையாக இருந்தவை பாடப் புத்தகங்கள் மட்டுமே. அவற்றையும் கடமைக்காகப் படித்தானே தவிர விரும்பிப் படிக்கவில்லை. மனம் ஒன்றாமல் பாடம் படித்துவிடும் நாட்களும் இருந்தன.

தந்தை வாங்கிய நாடக நூல்

ஒருநாள் தந்தை வாங்கி வைத்திருந்த ஒரு நூல் தற்செயலாக அவன் கண்ணில் பட்டது. அது சிரவணனின் பெற்றோர் பக்தியைச் சொல்லும் ‘சிரவண பித்ருபக்தி நாடகம்’. அதைப் படி என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. படித்தால் பரிசு என்றும் கூறவில்லை. தானாகவே எடுத்தவன் கீழே வைக்க மனமின்றிப் படித்து முடித்தான்.

அதே சமயத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டுவோர் ராஜ்கோட்டுக்கு வந்தார்கள். கண் தெரியாத தாய் தந்தையரைக் காவடியில் சுமந்தபடி சிரவணன் தீர்த்த யாத்திரை செல்லும் காட்சி அவர்களுடைய படங்களில் ஒன்று. நூலில் படித்தது இப்போது கண்முன் நின்றது. மகனை இழந்த அந்தப் பெற்றோரின் புலம்பல் பாடலின் இசை அவனை உருக்கியது. தந்தை வாங்கித் தந்திருந்த கான்சர்டினா என்ற சிறிய இசைக்கருவியில் அதைத் தானே வாசித்துப் பழகினான். சிரவணனைப் போலத் தானும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுள் ஆழப் பதிந்தது. ஏறக்குறைய அந்த நாட்களில்தான் தந்தையின் அனுமதியோடு அரிச்சந்திர நாடகத்தையும் பார்த்தான். அரிச்சந்திரனாகத் தன்னை எண்ணிக்கொண்டு அந்த நாடகத்தை மனத்திற்குள் எத்தனையோ முறை நடித்தான்.

ஒரு நூல் அவனைத் தொட்டவுடன் அவன் நூற்றுக்கணக்கான நூல்களைத் தேடி ஓடவில்லை. படித்த ஒன்றைப் போலவே ஆகிவிட விரும்பினான். பின்னாளில் அவர் படித்த ஒவ்வொரு பெரிய நூலிலும் இந்த இயல்பே தொடர்ந்தது.

லாதா மகராஜின் குரல்

தந்தை நோயுற்றுப் போர்பந்தரில் தங்கியிருந்தபோது ஒவ்வொரு மாலையும் ராமாயணம் கேட்பது வழக்கம். பிலேஸ்வரத்தைச் சேர்ந்த லாதா மகராஜ் என்ற ராம பக்தர் துளசிதாசரின் தோஹாக்களையும் சௌபாயிகளையும் இனிய குரலில் பாடிப் பொருள் சொல்வார். பாடும்போது அவர் தம்மையே மறந்துவிடுவார். கேட்பவர்களும் தங்களை மறப்பார்கள். மோகன்தாஸுக்கு அப்போது வயது பதின்மூன்று. துளசி ராமாயணத்தின்மீது அவன் வாழ்நாள் முழுவதும் கொண்டிருந்த பக்திக்கு அந்த மாலைப் பொழுதுகளே வித்திட்டன.

சில மாதங்களில் குடும்பம் ராஜ்கோட்டுக்குத் திரும்பியது. அங்கு ஏகாதசி தோறும் பாகவத பாராயணம் நடந்தது. படிப்பவரிடம் உயிர் இல்லாததால் சிறுவனின் மனம் அதில் ஒன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1924-இல் டெல்லியில் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, பண்டித மதன்மோகன் மாளவியா பாகவதத்தின் சில பகுதிகளை மூலத்திலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினார். இப்படிப்பட்ட பக்தர் ஒருவரிடமிருந்து சிறுவயதிலேயே இதைக் கேட்டிருக்கலாகாதா என்று காந்திஜி அப்போது ஏங்கினார்.

பிள்ளைகளிடம் படி என்று வற்புறுத்தும் நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். அதே சிறுவன், அதே வயது, இரண்டும் புனித நூல்கள். ஒன்று அவன் உள்ளத்தில் வேரூன்றியது. மற்றொன்று செவியோடு நின்றுவிட்டது. படிப்பவரிடம் இருந்த பக்தியே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது.

ஓர் ஆசிரியரின் வருத்தம்

உயர்நிலைப் பள்ளியில் சம்ஸ்கிருதம் அவனுக்குப் பெரும் சுமையாக இருந்தது. எதையும் மனப்பாடம் செய்தாக வேண்டும், ஆசிரியரும் கண்டிப்பானவர். பாரசீக மொழி எளிது, அதன் ஆசிரியரும் இளகிய மனத்தவர் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். எளிமை அவனையும் இழுத்தது. ஒருநாள் பாரசீக வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டான்.

சம்ஸ்கிருத ஆசிரியர் கிருஷ்ணசங்கர் பாண்டியா இதை அறிந்து மனம் வருந்தினார். கடிந்துகொள்ளாமல் அவனை அருகில் அழைத்தார். நீ ஒரு வைணவத் தந்தையின் மகன், உன் சமயத்தின் மொழியைக் கற்க வேண்டாமா, கடினமாக இருந்தால் என்னிடம் வா என்று கனிவோடு எடுத்துச் சொன்னார். அந்தக் கனிவு அவனை வெட்கப்பட வைத்தது. சம்ஸ்கிருத வகுப்புக்கே திரும்பினான். அன்று கற்ற சிறிதளவு சம்ஸ்கிருதமும் இல்லாதிருந்தால் நமது சாஸ்திர நூல்களில் தமக்கு ஈடுபாடு ஏற்பட்டிருப்பது கடினம் என்று பிற்காலத்தில் அந்த ஆசிரியரை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

மோகன்தாஸ் 1887-இல் மெட்ரிகுலேஷன் தேறினான். பவநகரின் சாமல்தாஸ் கல்லூரியில் பேராசிரியர்களின் விரிவுரைகள் அவனுக்கு விளங்கவில்லை. முதல் பருவத்தோடு ஊர் திரும்பினான். பிறகு குடும்ப நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி பாரிஸ்டர் படிப்புக்காக 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறினான். அதுவரை அவன் ஒரு செய்தித்தாளைக்கூடப் படித்ததில்லை!

ஒரு ஷில்லிங் நூல்

லண்டனில் நண்பர் ஒருவரின் தூண்டுதலால் இளைஞர் காந்தி நாள்தோறும் செய்தித்தாள்களைப் பார்க்கத் தொடங்கினார். விருப்பத்தோடு படிக்கும் பழக்கம் இப்படித்தான் அவரிடம் நுழைந்தது.

புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்துவிட்டு வந்திருந்ததால் அவர் பெரும்பாலும் அரை வயிற்றோடே இருந்தார். நண்பர் ஒருவர் அவருடைய விரதத்தைக் கலைக்க எண்ணி, பெந்தாம் என்ற தத்துவ அறிஞரின் நூலைப் படித்துக் காட்டி வாதிட்டார். அந்த நூலின் நடை காந்திக்குப் பிடிபடவில்லை. இந்த நுட்பமான வாதங்கள் எனக்குப் புரியவில்லை, ஆனால் கொடுத்த வாக்கை மீற என்னால் முடியாது என்று பணிவோடு கூறிவிட்டார். புலாலுணவு தவறு என்ற கொள்கை அப்போது அவரிடம் இல்லை. வாக்குத் தவறக் கூடாது என்ற உறுதி மட்டுமே இருந்தது.

உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்த அவர், ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். வாயிலருகே கண்ணாடிக்குப் பின்னால் சில நூல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஹென்றி சால்ட் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலும் ஒன்று. ஒரு ஷில்லிங் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு உணவுக்கூடத்திற்குள் நுழைந்தார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். உள்ளத்திற்கும் அன்று உணவு கிடைத்தது. சால்ட்டின் நூலை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். தாயின் பொருட்டுக் கட்டுப்பட்டிருந்த விரதத்தை அன்றுமுதல் தமது சொந்தக் கொள்கையாக ஏற்றார். வாழ்க்கையில் எழும் கேள்விக்கு ஒரு நூல் விடையளிக்கும் என்பதை அப்போதுதான் அவர் கண்டார். அதன்பிறகு உணவு பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தார். சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்தார். 1891-இல் அதன் சார்பான வார இதழில் கட்டுரைகளும் எழுதினார்.

சட்டப் படிப்பிலும் இந்த மாற்றம் தெரிந்தது. பெரும்பாலான மாணவர்கள் குறிப்புகளை மட்டும் படித்துத் தேர்வு எழுதுவது வழக்கம். பணம் கொடுத்து வாங்கிய நூல்களைப் படிக்காமல் விடுவது மோசடியாகும் என்று கருதிய காந்தி, மூல நூல்களையே முழுவதும் படித்தார். ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே பயின்றார்.

வெட்கமே கதவைத் திறந்தது

இங்கிலாந்தில் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த இரு சகோதரர்களை அவர் சந்தித்தார். எட்வின் அர்னால்டு ஆங்கிலத்தில் கவிதையாக மொழிபெயர்த்த பகவத்கீதையை அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தைத் தங்களோடு சேர்ந்து படிக்க வருமாறு அவரை அழைத்தார்கள்.

காந்திக்கு வெட்கமாகிவிட்டது. கீதையை அவர் சம்ஸ்கிருதத்தில் படித்ததில்லை. தாய்மொழியாகிய குஜராத்தியிலும் படித்ததில்லை. கடல்கடந்து வந்த ஊரில் அந்நியர் இருவர் தம் நாட்டின் ஞானநூலைப் படிக்கத் தம்மை அழைக்கிறார்கள்! அவர் உண்மையை மறைக்கவில்லை. இதுவரை படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். தமக்குச் சம்ஸ்கிருத அறிவு குறைவு என்றாலும், மொழிபெயர்ப்பு எங்கே மூலத்தின் பொருளை விட்டு விலகுகிறது என்று சொல்லும் அளவுக்காவது புரிந்துகொள்ள முயல்வதாகக் கூறினார். படிப்புத் தொடங்கியது. பாரசீக வகுப்பிலிருந்து தம்மை மீட்டு அழைத்த ஆசிரியரின் உழைப்பு அன்று பலன் தந்தது.

புலன்களுக்குரிய பொருட்களை எண்ணிக்கொண்டே இருப்பவனிடம் பற்று பிறந்து, ஆசையாகவும் சினமாகவும் வளர்ந்து, முடிவில் அவன் அறிவையே அழிக்கும் என்று விளக்கும் இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63-ஆம் சுலோகங்கள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவற்றின் ஒலி வாழ்நாள் முழுவதும் அவர் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சகோதரர்களின் பரிந்துரையால் புத்தரின் வாழ்வைக் கூறும் அர்னால்டின் ‘ஆசிய ஜோதி’யைப் படித்தார். கிறிஸ்தவ அன்பர் ஒருவரிடமிருந்து பைபிளைப் பெற்றார். பழைய ஏற்பாட்டின் பல பகுதிகள் அவருக்கு உறக்கத்தையே வரவழைத்தன என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் இயேசுநாதரின் மலைப்பிரசங்கம் நேராக அவர் இதயத்திற்குள் சென்றது. அதைக் கீதையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்.

வணிகரின் மேசை

1891-இல் பாரிஸ்டராக இந்தியா திரும்பிய காந்தி, பம்பாயில் ராய்சந்த்பாய் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். அவர் முத்தும் வைரமும் விற்கும் வணிகர். பெரும் தொகைகள் புரளும் அந்த மேசையில் எப்போதும் ஒரு சமய நூலும் அவருடைய நாட்குறிப்பும் இருக்கும். வியாபாரப் பேச்சு முடிந்த அடுத்த கணமே அவற்றில் ஒன்றைத் திறந்துவிடுவார். நூல்களைக் கற்பதற்கென்று தனியாக ஓய்வு வேண்டியதில்லை, உள்ளத்தில் தாகம் இருந்தால் போதும் என்பதைக் காந்தி அவரிடம் கண்டார்.

ஒரு வழக்கின் பொருட்டு 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்று பிரிட்டோரியாவில் தங்கிய காலத்தில் அந்தத் தாகம் அவரையும் பற்றிக்கொண்டது. கிறிஸ்தவ நண்பர்கள் அளித்த நூல்களைப் படித்தார். குர்ஆனின் மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்தார். தம் சமயத்தைப் பற்றி எழுந்த ஐயங்களை ராய்சந்த்பாய்க்கு எழுதினார். அவர் பொறுமையாக ஆழ்ந்து படிக்கும்படி அறிவுறுத்தி, ‘பஞ்சீகரணம்’, ‘மணிரத்னமாலை’, யோகவாசிஷ்டத்தின் முமுட்சு பிரகரணம் முதலிய நூல்களை அனுப்பி வைத்தார். இறைவனின் ராஜ்யம் உன்னுள்ளேயே இருக்கிறது என்னும் கருத்தை வைத்து டால்ஸ்டாய் எழுதிய நூல் அவரை ஆட்கொண்டது. பின்னாளில் 1910-இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அமைந்த பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரே சூட்டப்பட்டது.

சுவரில் ஒட்டிய சுலோகங்கள்

1903-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்கில் பிரம்மஞான சங்க நண்பர்களோடு சேர்ந்து சாஸ்திர நூல்களைக் கற்கும் வாய்ப்பு மீண்டும் வந்தது. சுவாமி விவேகானந்தரின் ‘ராஜயோகம்’ அங்கே படிக்கப்பட்ட நூல்களில் ஒன்று. பதஞ்சலியின் யோகசூத்திரங்களையும் பயின்றார்கள். நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்த காந்தி, கீதையை இன்னும் ஆழமாக அறிய வேண்டும் என்று உணர்ந்தார்.

ஓய்வில்லாத வழக்கறிஞர் வாழ்க்கையில் நேரத்திற்கு எங்கே போவது? காலையில் பல் துலக்கப் பதினைந்து நிமிடம், குளிக்க இருபது நிமிடம் அவருக்கு ஆகும். நின்றபடி பல் துலக்கும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார். கீதையின் சுலோகங்களைத் தாள்களில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டினார். நாளுக்கு ஒன்றிரண்டு சுலோகங்களைப் புதிதாகக் கற்று, முன்பு கற்றவற்றைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்படியே பதின்மூன்று அத்தியாயங்கள் மனப்பாடம் ஆயின. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத் திணறிய அந்தச் சிறுவனை இங்கே நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்!

நெஞ்சில் ஏறிய சுலோகங்கள் அவரை அமைதியாக இருக்க விடவில்லை. அபரிக்கிரகம், அதாவது எதையும் உடைமையாகக் கொள்ளாமை, என்ற ஒரு சொல் அவரைத் துளைத்தது. மனைவியும் மக்களும் உடைமைகள் அல்லவா? அலமாரி அலமாரியாக வைத்திருக்கும் இந்த நூல்களும் உடைமைகள்தாமே? அனைத்தையும் துறந்துவிட வேண்டுமா? ஒரு காலத்தில் நூலைத் தொடவே விரும்பாதவர், இப்போது நூல்களின் மீதுள்ள பற்றையும் சோதித்துப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தார்.

இதற்கு வழிகாட்டியது லண்டனில் அவர் ஊன்றிப் படித்த ஸ்நெல் என்பவரின் சட்ட நூல். பிறர் சொத்தை நிர்வகிக்கும் தர்மகர்த்தா பெரும் செல்வத்தைக் கையாளலாம். ஆனால் அதில் ஒரு துளியையும் தனதென்று கருத மாட்டான். முக்தியை விரும்புபவனும் உலகில் அவ்வாறே இருக்க வேண்டும் என்ற பொருள் அவருக்குத் துலங்கியது. தேர்வுக்காகப் படித்த சட்டமும் முக்திக்காகப் படித்த கீதையும் ஒரே உண்மையில் சந்தித்தன. அதன் விளைவாகத் தமது ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டார். தம்முடைய சேமிப்பு இனி சமூகத்தின் நலனுக்கே பயன்படும் என்று தமையனாருக்குக் கடிதம் எழுதினார். அன்புள்ள அண்ணன் வருந்துவார் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

உறங்க விடாத ஒரு நூல்

1904-ஆம் ஆண்டு. ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்ற வார இதழ் நஷ்டத்தில் தத்தளித்தது. அதைச் சீர்செய்யக் காந்திஜி ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் புறப்பட்டார். வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலக் ஒரு நூலை அவர் கையில் கொடுத்து, பயணத்தில் படித்துப் பாருங்கள் என்று சொன்னார். ரஸ்கின் எழுதிய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற நூல் அது. ‘இந்தக் கடைசி மனிதனுக்கும்’ என்பது தலைப்பின் பொருள்.

பயணம் இருபத்துநான்கு மணி நேரம். நூலைத் திறந்தவரால் மூட முடியவில்லை. ரயில் மாலையில் டர்பனை அடைந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எல்லோருடைய நன்மையிலேயே தனிமனிதனின் நன்மை அடங்கியிருக்கிறது. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்புதான். நிலத்தை உழுபவனும் கைத்தொழில் செய்பவனும் வாழும் உழைப்பு வாழ்க்கையே வாழத்தக்கது. இந்த மூன்றும் அந்த நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட உண்மைகள். முதலாவது அவருக்குத் தெரிந்ததே. இரண்டாவது மங்கலாகத் தெரிந்திருந்தது. மூன்றாவது அதுவரை தோன்றியதே இல்லை. பொழுது விடிந்தபோது, அவற்றை வாழ்ந்து காட்டும் முடிவோடு எழுந்தார்.

இதழின் அச்சகத்தை ஒரு பண்ணைக்கு மாற்றுவது, அங்கு அனைவரும் உழைப்பது, எல்லோருக்கும் ஒரே ஊதியம் பெறுவது என்று தீர்மானித்தார். டர்பனுக்குப் பதினான்கு மைல் தொலைவில் உள்ள ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் நூறு ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. பாம்புகள் நிறைந்த அந்த நிலத்தில் கொட்டகை எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஆசிரம வாழ்க்கையின் முதல் விதை அங்கேதான் ஊன்றப்பட்டது. பின்னர் 1908-இல் அந்த நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். அந்தச் சொல் இன்று பாரதம் முழுவதும் அறிந்த சொல்.

படிக்கும் பழக்கம் இல்லாத சிறுவன் பிறருக்கு நூல்களைச் சிபாரிசு செய்பவராகவும் ஆனார். 1909-இல் கப்பல் பயணத்தின்போது எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலின் இறுதியில், வாசகர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலையும் இணைத்தார்.

சிறையே நூலகம்

பொதுவாழ்க்கை பெருகப் பெருக அவருக்குப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அதை அளித்தது சிறைச்சாலை. 1893-க்குப் பிறகு தாம் படித்தவற்றில் பெரும்பகுதி சிறையில் படித்ததே என்று அவர் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் தம்மோடு துணிந்து நின்ற தமிழ்மக்கள்மீது அவருக்கு அளவற்ற அன்பு உண்டு. 1896-இல் தாயகம் திரும்பும் கப்பலில் தமிழ் கற்பிக்கும் ஒரு நூலைக் கொண்டு படிக்கத் தொடங்கினார். பிறகு தென்னாப்பிரிக்கச் சிறைகளில் அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தார். தமிழில் பேசும் அளவுக்குத் தேற முடியவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது.

1922-இல் ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டார். நோய்வாய்ப்பட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் 1924 பிப்ரவரியில் விடுதலை ஆகும்வரை ஒரு மாணவனைப் போல நேரம் வகுத்துக்கொண்டு படித்தார். மகாபாரதத்தை முழுமையாகப் படித்தார். ரோமானியப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய பெரும் வரலாற்றையும் படித்தார். உருது பயின்றார். ஐம்பது வயதைக் கடந்தவரின் சிறையறையில், ராஜ்கோட்டுச் சிறுவன் தவறவிட்ட பள்ளிக்கூடம் மீண்டும் தொடங்கியது.

இதற்கு முந்தைய ஆண்டில், 1921-இல், அவர் பேலூர் மடத்திற்கு வந்திருந்தார். சுவாமி விவேகானந்தரின் நூல்களைத் தாம் ஊன்றிக் கற்றதையும், அதன்பின் நாட்டின் மீது தமக்கிருந்த அன்பு பன்மடங்கு பெருகியதையும் அங்கு கூடியிருந்தவர்களிடம் எடுத்துரைத்தார். 1902-இல் சுவாமிஜியைக் காணும் ஆவலோடு நடந்தே பேலூருக்கு வந்து, அவர் நோயுற்றுக் கல்கத்தா வீட்டில் இருந்ததால் காண முடியாமல் ஏமாற்றத்தோடு திரும்பியவர் அவர். நேரில் கிடைக்காத சந்திப்பை நூல்கள் அவருக்கு அளித்தன.

ஜீரணித்த படிப்பு

மாணவப் பருவத்தில் பாட நூல்களுக்கு வெளியே ஏறக்குறைய எதையும் படித்ததில்லை என்றும், பிறகு நேரமே கிடைக்கவில்லை என்றும், ஆகவே தமக்கு நூலறிவு அதிகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றும் காந்திஜி எழுதினார். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டால் தாம் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்றும், குறைவாகப் படித்ததால் படித்ததை நன்றாக ஜீரணிக்க முடிந்தது என்றும் கருதினார்.

இதைப் படிக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளலாகாது. கீதையை அறியாததற்கு வெட்கப்பட்டவர் அவர். பாகவதத்தைச் சிறுவயதில் சரியாகக் கேட்கவில்லையே என்று ஏங்கியவர் அவர். சிறையில் ஒரு மணி நேரத்தையும் வீணாக்காமல் படித்தவரும் அவரே. அவர் சொல்வது அளவைப் பற்றி அல்ல, ஜீரணத்தைப் பற்றி.

நமது வேதாந்த மரபு இதையே சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று மூன்று படிகளாகக் கூறுகிறது. கேட்டலும் படித்தலும் முதல் படி. அதை இடைவிடாமல் சிந்தித்துத் தெளிவது இரண்டாம் படி. அந்த உண்மையில் நிலைபெறுவது மூன்றாம் படி. நம்மில் பலர் முதல் படியிலேயே நூல்களை அடுக்கிக்கொண்டு நின்றுவிடுகிறோம். காந்திஜியோ ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துக்கொண்டு மூன்று படிகளையும் ஏற முயன்றார். சிரவணனின் கதை பெற்றோருக்குச் செய்யும் சேவையாயிற்று. சால்ட்டின் நூல் உணவாயிற்று. ரஸ்கினின் நூல் ஒரு பண்ணையாயிற்று. கீதை அவரது வாழ்க்கையாகவே ஆயிற்று.

கீதையைக் குஜராத்தியில் ‘அனாசக்தி யோகம்’ என்ற பெயரில் மொழிபெயர்க்கும் பணியை 1929-இல் இமயமலைச் சாரலில் உள்ள கௌசானியில் நிறைவு செய்தார். 1930 மார்ச் 12-ஆம் நாள் அந்த நூல் வெளிவந்தது. அன்றுதான் தண்டி யாத்திரையும் புறப்பட்டது.

அவருடைய ஆசிரமங்களில் நாள்தோறும் மாலைப் பிரார்த்தனையில் நிலைத்த அறிவுடையவனின் இலக்கணத்தைக் கூறும் இரண்டாம் அத்தியாயத்தின் இறுதிச் சுலோகங்கள் ஓதப்பட்டன. லண்டனில் இரு அந்நியர்களின் அருகே தயங்கியபடி அமர்ந்திருந்த இளைஞரின் உள்ளத்தைத் தைத்த அந்த 62, 63-ஆம் சுலோகங்களும் அவற்றுள் அடங்கும். 1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, பிரார்த்தனைக்காக நடந்து செல்லும்போதே அவர் உடலை நீத்தார்.

வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தொட மறுக்கிறானே என்று நாம் மனம் தளர வேண்டியதில்லை. கரம்சந்த் காந்தி ஒரு நாடக நூலை வாங்கி வீட்டில் வைத்தார். லாதா மகராஜ் பக்தியோடு பாடினார். கிருஷ்ணசங்கர் பாண்டியா கனிவோடு அழைத்தார். அவர்கள் செய்தது அவ்வளவே. நம் வீட்டிலும் ஒரு நல்ல நூல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நாள்தோறும் சில நிமிடங்களாவது நாம் அதைப் பக்தியோடு படிப்பதைப் பிள்ளைகள் காணட்டும். விதை முளைக்கும் நாளை இறைவன் அறிவான்.